வெப்பம் எங்கே போகிறது?

குளிர்ச்சியை உண்டாக்கும் இயந்திரம் என்று ஒன்று உலகில் இல்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து வாரியெடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டும் இயந்திரமே உண்டு. மேல்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். "வீட்டுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்" என்பேன். தொட்டுப் பார்த்தவர்கள் மறுநாள் வியப்போடு வந்து, சூடாக இருக்கிறது என்பார்கள். வகுப்பறையில் அத்தோடு பாடம் முடிந்துவிடும். வீட்டில் அப்படி எளிதாக முடிவதில்லை. வாரியெடுக்கும் குளிர்ச்சியை யார் யாருக்குப் பங்கிடுவது, கொட்டும் வெப்பத்தை யார் வாசலில் கொட்டுவது என்ற கேள்விகள் அங்கே எழுந்து நின்றுவிடுகின்றன. எங்கள் குடும்பத்தில் அவை எழுந்தன.

திருச்சி பாலக்கரையில், நெருக்கமான தெரு ஒன்றில் எங்கள் வீடு. முன்பகுதி என் தாத்தா கட்டியது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் டெரஸ்; உயரமான கூரை; தடித்த சுவர்கள். பின்பகுதியும் மாடியும் எங்கள் தந்தையார் பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் கட்டடம். கத்தரி வெயில் காயும் நாள்களில் முன்கூடம் ஓரளவு தாங்கும். மாடியறைகளோ இரவு பத்து மணிக்கும் அனலடிக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த அனலையே சுழற்றி நம் தலையில் இறக்கும். திருச்சியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் இப்போது இருப்பவர்கள் ஆறு பேர். 84 வயதான என் தாயார், நான், என் மனைவி, மகன், மருமகள், எட்டு மாதப் பேரக்குழந்தை. என் ஒரே தம்பி அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 26 ஆண்டுகளாக வசிக்கிறான். பணி ஓய்வுக்குப் பின் ஆண்டில் பாதியை எங்களோடு கழிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பிற்பகல், அம்மா கூடத்திலிருந்து எழுந்தவர் இரண்டடி நடந்து மயங்கிச் சரிந்தார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வெப்பத்தாலும் உடலில் நீர் குறைந்ததாலும் வந்த மயக்கம் என்றார். இரண்டு நாள்களில் அம்மா தெளிந்துவிட்டார். ஆனால் செய்தி ஹூஸ்டனுக்குப் போன இரவிலிருந்து தம்பி தெளியவில்லை. "அண்ணே, செலவைப் பத்தி யோசிக்காதீங்க. வீடு முழுக்க சென்ட்ரல் ஏ.சி. போட்டுடுவோம். அம்மா எந்த ரூமுக்குப் போனாலும் ஒரே மாதிரி குளுமை இருக்கணும்" என்றான். என் மகன் வேறு விதமாகச் சொன்னான்: "சித்தப்பா, நம்ம ஊர்ல வீட்டுக்கு அப்படிப் போடறவங்க ரொம்பக் குறைவு. ரூமுக்கு ஒரு ஸ்பிளிட் ஏ.சி. மாட்டினாப் போதும்." மாதக்கணக்கில் தொலைபேசியில் இந்த வழக்கு நடந்தது. மூத்தவன், அதிலும் இயற்பியல் படித்தவன் என்பதால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது.

இரண்டு முறைகளையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மையக் குளிர்சாதனம் என்பது வீடு முழுவதற்கும் ஒன்றே. வீட்டுக்கு வெளியே கம்ப்ரஸர் அடங்கிய பெரிய பெட்டி. உள்ளே ஓரிடத்தில் குளிர்க்குழாய்ச் சுருளும் பெரிய விசிறியும். அங்கே குளிர்ந்த காற்று, டக்ட் எனப்படும் காற்றுக்குழாய்கள் வழியாகக் கூரைக்கு மேலே ஓடி ஒவ்வோர் அறையிலும் இறங்கும். சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் ஒன்று வீட்டுக்கே வெப்பநிலையை முடிவு செய்யும். ஸ்பிளிட் முறையில் காற்று அறையை விட்டு நகர்வதில்லை. அறைச் சுவரில் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் மெல்லிய செப்புக் குழாய்கள். சுவரில் ஒரு சாண் துளைகூடத் தேவையில்லை. அறைக்கு அறை வெப்பநிலையை மாற்றிக்கொள்ளலாம்.

தம்பியின் விருப்பத்தை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நானும் மனைவியும் ஹூஸ்டனில் அவன் வீட்டில் தங்கியிருந்தோம். கடற்கரையை ஒட்டிய புழுக்கம் நிறைந்த ஊர் அது. வெளியே கால் வைத்தால் சட்டை நனைந்துவிடும். வீட்டுக்குள்ளோ இயந்திரம் இருப்பதே தெரியாது. ஓசை இல்லை, சுவரில் பெட்டி இல்லை, எந்த அறைக்கதவும் சாத்தப்படுவதில்லை. சமையலறையில் நிற்கிறவருக்கும் கூடத்தில் படிக்கிறவருக்கும் ஒரே காற்று. நம் ஊரில் கணவன்மார் குளிர்ந்த அறையில் அமர்ந்திருக்க, மனைவிமார் அடுப்பின் முன் வேர்த்து நிற்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய நீதியாகவே தோன்றியது. அமெரிக்க அரசு 2020-ஆம் ஆண்டு எடுத்த வீட்டு எரிசக்திக் கணக்கின்படி, அந்நாட்டு வீடுகளில் 88 விழுக்காட்டில் குளிர்சாதனம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் அது மையக் குளிர்சாதனமாகவே இருக்கிறது. அவர்களுக்கு அது இயல்பு. மரச்சட்டங்களால் கட்டிய வீடுகளில் சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் குழாய்கள் ஓட இடமுண்டு. குளிர்காலத்தில் வெந்நீராவியோ வெப்பக்காற்றோ அனுப்பிப் பழகிய நாடு. பல வீடுகளில் வெப்பக்காற்று போகும் அதே குழாயில் கோடையில் குளிர்காற்றும் போகிறது.

அதன் மறுபக்கத்தையும் அங்கேயே கண்டேன். நடைக்கூடத்துச் சுவரில் இருந்த அந்தச் சிறிய தெர்மோஸ்டாட்டின் முன் அவ்வீட்டில் நாள்தோறும் ஓர் அமைதிப் போர் நடக்கும். தம்பி அலுவலகத்திலிருந்து வந்ததும் 72 என்று வைப்பான். அது நம் கணக்கில் 22 பாகை. தம்பி மனைவி சிறிது நேரத்தில் போகிறபோக்கில் 76 ஆக்குவாள். அவளுடைய தாயார் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஜூலை மாதத்தில் கம்பளிச் சட்டை அணிந்து அமர்ந்திருப்பார். எல்லாருக்கும் ஒரே அளவு என்பது எல்லாருக்கும் ஒரே சுகம் ஆகிவிடாது. அத்துடன், கீழ்த்தளம் நடுங்கும்போது மேல்தளம் புழுங்கும். கூரைக்கு அடியில், வெயிலில் கொதிக்கும் பரண் வழியாகவே குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சராசரி வீட்டில் குழாய்க்குள் செல்லும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை இணைப்புகளிலும் ஓட்டைகளிலும் கசிந்து வீணாகிறது என்று அந்நாட்டு அரசின் எரிசக்திச் சேமிப்புத் திட்டமே மக்களுக்கு எடுத்துரைக்கிறது. பகலில் எல்லாரும் வேலைக்குப் போனபின், ஆளில்லாத நான்கு அறைகளும் ஒருவர் அமர்ந்திருந்த ஒரு கூடமும் ஒரே தட்டில் வைத்துக் குளிர்விக்கப்பட்டன.

அமெரிக்காவிலிருந்து நமக்குக் குளிர்ச்சி வருவது புதிதன்று. சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், 1842-ஆம் ஆண்டு ஐஸ் ஹவுஸ் என்ற பெயரில் எழுந்தது. அமெரிக்காவின் வடகிழக்கில் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை பிரெடெரிக் டியூடர் என்ற வணிகர் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பிச் சேமித்து விற்றார். வாங்க முடிந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி கிடைத்தது. பின்னர் 1902-ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் நவீன குளிர்சாதனத்துக்கு வழி வகுத்தார். அதுவும் மனிதர்களுக்காக அன்று. ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போயின. தாளைக் காப்பாற்றப் பிறந்த இயந்திரம் அது. பனிக்கட்டிக் காலத்தின் நினைவு இன்றும் கடைக்காரர் நாவில் இருக்கிறது. "ஒரு டன், ஒன்றரை டன்" என்று அவர் சொல்வது இயந்திரத்தின் எடையை அன்று. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த அளவு அது. ஒன்றரை டன் இயந்திரம் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால், ஏறக்குறைய 1,360 கிலோ பனிக்கட்டியை நம் அறையில் உருகவிட்டதற்குச் சமம்.

ஸ்பிளிட் முறையைச் செம்மைப்படுத்தியவர்கள் ஜப்பானியர். சிறிய வீடுகள், ஆள் இருக்கும் அறையை மட்டும் குளிர்விக்கும் சிக்கனம். தோஷிபா நிறுவனம் 1981-ஆம் ஆண்டு வீடுகளுக்கான இன்வெர்ட்டர் குளிர்சாதனத்தைக் கொண்டுவந்தது. பழைய இயந்திரம் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் இயந்திரம் அறை குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் மின்சாரம் மிச்சமாகும். 1982-இல் டைகின் நிறுவனம், வெளியே ஒரே பெட்டியும் உள்ளே பல பெட்டிகளுமாக இயங்கும் முறையைப் பெரிய கட்டடங்களுக்காகக் கொண்டுவந்தது. இப்போது நம் ஊர்ப் பெரிய வீடுகளிலும் அதைக் காண்கிறோம்.

காற்றுக்குழாய் இல்லாததால் ஸ்பிளிட் முறையில் கசிவு இல்லை. ஒன்று பழுதானால் ஓர் அறைதான் புழுங்கும். ஆயினும் அதற்கும் ஒரு விலை உண்டு. என் நண்பர் ஒருவர் வீட்டில் ஐந்து அறைகள், ஐந்து ஸ்பிளிட்டுகள். இரவு உணவு முடிந்ததும் ஐந்து கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும் ஓசை கேட்கும். குளிர் வெளியே போய்விடக் கூடாதல்லவா? கூடத்தில் நண்பரின் தந்தையார் மட்டும் மின்விசிறியின் கீழ் அமர்ந்து செய்தித்தாளை இரண்டாம் முறை படிப்பார். முன்பெல்லாம் கோடை இரவில் மொட்டைமாடியில் பாய் விரித்து ஒன்றாகப் படுத்திருந்த குடும்பம் அது. புழுக்கம் அவர்களை ஒன்றுசேர்த்தது, குளிர்ச்சி பிரித்துவிட்டது.

இப்படி இரண்டு பக்கமும் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, ஒப்பந்தக்காரர் வந்து வீட்டை அளந்தார். எங்கள் வீட்டில் டக்ட் ஓட்டவேண்டுமானால் பொய்க்கூரை போட்டு உயரத்தை ஓரடிக்கு மேல் குறைக்க வேண்டும். தாத்தா காலத்துத் தேக்கு உத்தரங்கள் அதற்குள் மறைந்துவிடும். உத்தரத்தில் கரையான் ஏறினாலும் கூரையில் நீர் ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது. தடித்த சுண்ணாம்புச் சுவர்களைப் பல இடங்களில் பெரிதாக உடைக்க வேண்டும். முழு வீட்டையும் ஒரே இயந்திரம் தாங்கினால், அது நின்ற நாளில் முழு வீடும் தவிக்கும். மின்கட்டணமும் உண்டு. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு இலவசம். அதன்பின் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஆளில்லா அறைகளைக் குளிர்விப்பவர், மிக உயர்ந்த விலையுள்ள யூனிட்டுகளை அதற்குச் செலவிடுகிறார் என்று பொருள். ஒப்பந்தக்காரர் நேர்மையானவர். "புது வீடு கட்டறப்பவே திட்டம் போட்டிருந்தா டக்ட் நல்ல விஷயம்தான் சார். வெளிக்காத்தைக் கொஞ்சம் வடிகட்டி உள்ளே சேர்க்கவும் அதுல வழி உண்டு. ஸ்பிளிட் ரூம்ல இருக்கிற காத்தையேதான் திருப்பித் திருப்பிச் சுத்தும். ஆனா இந்த வீட்டுக்கு டக்ட் ஒத்துவராது" என்றார்.

சுவர்களைக் கேட்டாகிவிட்டது, அம்மாவையும் கேட்டேன். "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? ஃபேனே போதும். என் ரூம் கதவை மட்டும் சாத்திடாதீங்க" என்றார்.

அந்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. முதுமையில் உடல் வெப்பத்தை உணர்வது மந்தமாகிறது. வியர்ப்பது குறைகிறது, தாகமும் குறைகிறது. ஆபத்து நெருங்கும்போதும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று முதியவர் சொல்வது தியாகத்தால் மட்டும் அன்று; உடல் அவருக்குச் செய்தி சொல்லத் தவறுவதாலும்தான். 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் முதியோர். தனியாக வாழ்ந்தவர் பலர். சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆளில்லாமல் போனது அவர்கள் சாவுக்கு ஒரு காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அவ்வளவு செல்வம் படைத்த நாட்டில், குளிர்சாதனங்கள் நிறைந்த நகரில் அது நடந்தது.

அதன்பின் அம்மாவின் சொல்லைப் புதிதாகக் கேட்டேன். வெப்பம் அவரை வீழ்த்தும். ஆகவே குளிர்ச்சி வேண்டும். தனிமையும் அவரை வீழ்த்தும். ஆகவே கதவு திறந்திருக்க வேண்டும். வீடு முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்ற தம்பியின் திட்டமும், அறைக்கு ஒரு பெட்டி என்ற மகனின் திட்டமும் அவருடைய தேவையில் பாதியைத்தான் கண்டிருந்தன.

முடிவு மெதுவாக உருவாயிற்று. இயந்திரத்துக்கு முன் கூரைக்குச் செலவழித்தோம். மாடித் தளத்தில் விரிசல்களை அடைத்து, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சுப் பூசினோம். மாடியறைகளின் இரவுப் புழுக்கம் அதனாலேயே கண்கூடாகத் தணிந்தது. பிறகு முன்கூடத்துக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஒன்று. அம்மாவின் அறை கூடத்தோடு ஒட்டியது. கதவைத் திறந்து வைத்தால் இரண்டுக்கும் ஒரே காற்று. குழந்தையுள்ள மாடியறைக்கு ஒரு டன்னில் இன்னொன்று. தம்பிக்காக ஒதுக்கிய அறையில் மின்கம்பியும் சுவர்த் துளையும் மட்டும் இப்போதைக்கு. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நம் நாட்டில் நட்சத்திரக் குறியுள்ள அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். நாங்கள் கூடத்தில் 27 வைத்து, மின்விசிறியை மெல்ல ஓடவிடுகிறோம். அம்மாவுக்கு அதற்குமேல் குளிர்ந்தால் மூட்டு வலிக்கும்.

தம்பிக்கு இதைச் சொன்னபோது எதிர்முனையில் நெடுநேரம் பேச்சில்லை. "நான் குடுக்கிறது உங்களுக்குக் கசக்குதா அண்ணே?" என்று கேட்டான். பணத்தைப் பற்றி அவன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். 26 கோடைகள் அம்மா வியர்த்தபோது அவன் அருகில் இல்லை. வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தன் குளிர்ச்சி அம்மாவைத் தொடவேண்டும் என்று நினைத்தான். "இல்லடா. அம்மா அஞ்சு ரூமுக்கும் போகப்போறதில்ல. நீ வந்தா உக்காரப்போற அந்தக் கூடம் ஒண்ணுதான் அவங்களுக்கு வேணும்" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னான்.

உள்ளே குளிர்ச்சியைப் பங்கிட்டாயிற்று. வெளியே வெப்பத்தை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மிச்சமிருந்தது. எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஐந்தடி அகலச் சந்து. அதன் மறுபுறம் தகரக்கூரை போட்ட சிறு வீடு. அங்கே தையல் வேலை செய்யும் ஒரு பெண், வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் இயந்திரத்தைப் போட்டு நாளெல்லாம் தைப்பார். பொருத்த வந்த மெக்கானிக், வெளிப்பெட்டிகளை அந்தச் சந்துச் சுவரில் மாட்டுவதாகச் சொன்னார். செப்புக் குழாய் குறைவாகப் போகும், செலவு மிச்சம், சுவர் எங்களுடையது, எல்லாரும் செய்வதும் அதுவே.

நான் கணக்குப் போட்டேன். ஒன்றரை டன் இயந்திரம் முழு அளவில் ஓடும்போது அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் சுமார் 5,300 வாட். அதை எடுக்கத் தான் செலவிடும் மின்சாரம் சுமார் 1,500 வாட். அதுவும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறும். ஆக, உள்ளே எடுத்ததைவிடக் கூடுதலாகவே வெளியே கொட்டுகிறது. ஏறத்தாழ ஏழு இஸ்திரிப் பெட்டிகளை, ஒவ்வொன்றும் ஆயிரம் வாட், அந்தப் பெண்ணின் சன்னலுக்கு எதிரே வரிசையாகச் சூடேற்றி வைத்து விசிறியால் ஊதுவதற்கு ஒப்பு. இரண்டாவது இயந்திரத்தையும் சேர்த்தால் இன்னும் நான்கைந்து.

அவரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு ஊசியில் நூலைக் கோத்தபடியே, "பரவாயில்லை சார். நீங்க மாட்டுங்க. மத்தியானத்துல நான் சன்னலைச் சாத்திக்கிறேன்" என்றார். மனத்தாங்கலோ முறையீடோ அவர் குரலில் இல்லை. ஏழைகள் எத்தனையோ காலமாக எத்தனையோ பேருக்குச் சொல்லிவரும் விடைதான் அது. எங்கள் வீட்டுக் கதவு திறந்திருப்பதற்காக இன்னொருவர் தம் சன்னலைச் சாத்துவதா? திரும்பி வந்து, இரண்டு பெட்டிகளையும் மொட்டைமாடியில் வைக்கும்படி மெக்கானிக்கிடம் சொன்னேன். கூடத்து இயந்திரத்துக்கு நீளமான செப்புக் குழாய், அதற்கு உறை, கூடுதலான கேஸ், இரும்புச் சட்டம் என்று செலவு ஏறியது. குழாய் நீண்டால் திறனும் சிறிது குறையும் என்று அவர் எச்சரித்தார், அது சரிதான். இதைத் தம்பியிடம் சொன்னபோது இம்முறை அவன் தயங்கவில்லை. "அந்தக் குழாய்க் காசை நான் தரேன் அண்ணே. அதையாவது எனக்கு விடுங்க" என்றான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலின் 55-ஆம் பத்தியில், குளிர்சாதனங்களின் பெருகிவரும் பயன்பாட்டை ஓர் எளிய எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டிருக்கிறார். இலாபம் தேடும் சந்தை தேவையை மேலும் தூண்டிக்கொண்டே போவதை அங்கே அவர் சுட்டுகிறார். உலகளாவிய ஒரு மடலில் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒரு பெட்டிக்கு இடமா என்று முன்பு வியந்திருக்கிறேன். சந்தின் மறுபுறம் நின்று பார்த்தபின் வியப்பு நீங்கிற்று. எண்பத்து நான்கு வயது உடலுக்குக் குளிர்ச்சி ஆடம்பரம் அன்று. அதை யாரும் குறைகூற முடியாது. ஆனால் தேவை எங்கே முடிகிறது, பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சுவிட்சில் கை வைப்பவருக்கு இருக்கிறது.

குழாய்க்குள் ஓடும் கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974-ஆம் ஆண்டு மொலினா, ரோலண்டு என்ற இரு அறிவியலாளர்கள், அன்றைய குளிர்விப்பு வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எடுத்துக்காட்டினார்கள். 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்பாட்டில் உலக நாடுகள் கூடி அவற்றை ஒழிக்கத் தொடங்கின. மாற்றாக வந்த வாயுக்கள் ஓசோனை விட்டுவைத்தாலும் பூமியைச் சூடாக்கின. அவற்றையும் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் ஒப்புக்கொண்டார்கள். ஆர்-410ஏ என்ற வாயு கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 2,088 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆர்-32 சுமார் 675 மடங்கு. நாங்கள் வாங்கியவை ஆர்-32 உள்ளவை. அதுவும் குற்றமற்றது அன்று. ஆகவே இணைப்புகளைக் கசிவின்றிப் பார்த்துக்கொள்வதும், பழுது பார்க்கும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் திரும்பப் பிடிக்கச் சொல்வதும் நம் கடமையாகின்றன.

இந்தக் கோடையில் எத்தனையோ இல்லங்களில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், எல்லா அறைகளிலும் நாள் முழுதும் ஆள் இருக்கக்கூடிய பெரிய குடும்பத்தினர், மையக் குளிர்சாதனத்தை எண்ணிப் பார்க்கலாம். அறைக்கு அறை வெப்பநிலையைப் பிரிக்கும் தடுப்பு மடல்களையும், குழாய்களுக்கு நல்ல வெப்பக்காப்பையும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு, ஆள் இருக்கும் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் ஓடும் ஸ்பிளிட்டே பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் கடைக்காரர் கேட்காத மூன்று கேள்விகளை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. இந்த வீட்டில் குளிர்ச்சி யாருக்கு மெய்யாகவே தேவை? இதனால் எந்தக் கதவு சாத்தப்படும்? எடுக்கும் வெப்பம் யார் பக்கம் போய்ச் சேரும்? மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. மாடியில் ஊதும் அனலும் பாலக்கரையின் வானத்தில்தான் கலக்கிறது. ஒரு சன்னலைக் காப்பாற்றினோம், அவ்வளவே.

தம்பியின் அறைச் சுவரில் இட்ட துளையைச் சிமெண்டுச் சாக்கால் அடைத்து வைத்திருக்கிறோம். டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மார்கழிக் குளிரில் அவனுக்கு எந்த இயந்திரமும் தேவைப்படாது. அம்மா இப்போதே அவனுக்காக ஒரு போர்வையைத் துவைத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறார்.